தவறா, போங்கா?

2019 ஏப்ரல் கடைசியில் லண்டனில் 'மேஜிக்: த கேதரிங்' சீட்டு விளையாட்டின் மிதிக் சாம்பியன்ஷிப் நடந்தது. மொத்தப் பரிசுத் தொகை 5 லட்சம் டாலர். சுற்றுகள் முடியும் தறுவாயில், முதல் எட்டு இடங்களுக்குள் வரும் வாய்ப்போடு நின்ற ஜப்பானிய வீரர் யூயா வதனாபேயின் சீட்டுக்கட்டை நடுவர்கள் சோதனைக்கு எடுத்தார்கள். ஆண்டின் சிறந்த வீரர் பட்டத்தை 2009இலும் 2012இலும் வென்றவர் அவர். 2016இல் அந்த விளையாட்டின் 'ஹால் ஆஃப் ஃபேம்' வரிசையிலும் சேர்க்கப்பட்டவர். சோதனை முடிந்ததும் அவர் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

முக்கியமான சில சீட்டுகளின் பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் தடங்கள் இருந்தன, பின்பக்கத்தைப் பார்த்தே இன்ன சீட்டு என்று கண்டுபிடிக்க முடியும் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டு. தான் ஏமாற்றவில்லை என்று வதனாபே மறுத்தார். அடுத்த மாதம் விளையாட்டை நடத்தும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அவருக்கு 30 மாதத் தடை விதித்தது. ஹால் ஆஃப் ஃபேமிலிருந்தும், 32 பேர் மட்டுமே இருந்த தொழில்முறை லீகிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

உறையில் ஒரு தேய்மானம். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று வெளியாட்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. அதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டுகள் எப்படி நடக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு நினைவிருக்கும். சேகரிக்கிற ஆசையும் மோதிப்பார்க்கிற ஆசையும் சேர்ந்த விளையாட்டு. டிரேடிங் கார்டு விளையாட்டுகள் அதைவிடப் பல மடங்கு சிக்கலானவை. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக் 1993இல் வெளிவந்தது. ஜப்பானில் 1996இல் போக்கிமான் சீட்டுகளும் 1999இல் யு-கி-ஓ சீட்டுகளும் வந்தன. ஆட்டக்காரர் பாக்கெட் பாக்கெட்டாகச் சீட்டு வாங்கிச் சேர்த்து, தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கித் தன் கட்டைத் தானே அமைக்கிறார். மேஜிக்கில் அந்தக் கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்கும். எதிரே இருப்பவர் கட்டில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. தன் கட்டிலிருந்து அடுத்து எது வரும் என்றும் தெரியாது. ஆட்டத்தின் உயிரே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. பின்பக்கத்தைப் பார்த்தே அடுத்த சீட்டு தெரிந்துவிட்டால் ஆட ஒன்றும் மிஞ்சாது.

பணமும் சின்னதல்ல. 2020 பிப்ரவரியில் ஹொனலூலுவில் நடந்த மேஜிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் பரிசு மட்டும் 3 லட்சம் டாலர்.

கூட்டமும் சின்னதல்ல. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் ரிச்மண்டில் நடந்த கிராண்ட் ப்ரீ போட்டிக்கு 4,303 பேர் வந்தார்கள். இருவருக்கு ஓர் ஆட்டம் என்றால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நடுவரை நிறுத்துவது நடக்கிற காரியமா? சீட்டை எடுப்பது, புள்ளியைக் குறிப்பது, விதியைச் சரிபார்ப்பது எல்லாமே ஆடுகிற இருவர் கையில்தான். ஏதாவது பிசகினால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டியதும் அவர்களே. மொத்த அமைப்பும் ஆட்டக்காரரின் நேர்மையை நம்பித்தான் நிற்கிறது. ஆகவேதான் அந்த நேர்மையில் கைவைத்தால் தண்டனை கடுமையாகிறது.

ஆனால் கடுமை இந்த அமைப்பின் பெருமை அல்ல. தெரியாமல் செய்த தவறையும் தெரிந்தே செய்த போங்கையும் பிரித்துப் பார்க்க அது எடுத்துக்கொள்ளும் சிரத்தைதான் பெருமை.

மேஜிக்கின் தண்டனை விதிகள் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. ஆட்டத்துக்குள் நடக்கும் பிழைகள் ஒரு வகை. தாமதமாக வருவது, கட்டில் இருக்கும் சீட்டும் எழுதிக் கொடுத்த பட்டியலும் பொருந்தாதது போன்ற போட்டி ஒழுங்குப் பிழைகள் இன்னொரு வகை. மூன்றாவது நடத்தைக் கேடு. தண்டனைக்கு நான்கு படிகள்: எச்சரிக்கை, ஓர் ஆட்டத்தை இழப்பது, அந்தச் சுற்றையே இழப்பது, தகுதிநீக்கம். முதல் வகைப் பிழைகளில் பெரும்பாலானவை எச்சரிக்கையோடு முடிந்துவிடும். நடுவர் ஆட்டத்தை முடிந்தவரை சரிசெய்துவிட்டு, எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டு நகர்வார். ஒரே வகைப் பிழை மூன்றாம் முறையும் வந்தால் ஓர் ஆட்டம் பறிபோகும்.

ஏமாற்று என்று முத்திரை குத்த மட்டும் வரையறை மிக இறுக்கமானது. ஒருவர் விதியை மீறியிருக்க வேண்டும், அல்லது நடுவரிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது தன் ஆட்டத்தில் நடந்த தவறைக் கவனித்தும் வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஆதாயம் தேடியிருக்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது ஏமாற்று ஆகாது.

ஒரு சாதாரணச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத் தொடக்கத்தில் ஏழு சீட்டு எடுக்க வேண்டியவர் கையில் எட்டு இருக்கிறது. எதிராளி கையைத் தூக்குகிறார். வந்த நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்துகிறார். எட்டுச் சீட்டுக்காரரை மேசையிலிருந்து தள்ளி அழைத்துப்போய், எப்படி எடுத்தீர்கள், எண்ணினீர்களா, எப்போது கவனித்தீர்கள் என்று கேட்கிறார். பிறகு எதிராளியிடம் தனியாக அதே கேள்விகள். புது உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையவை. இரண்டு சீட்டு ஒன்றாக வந்திருக்கலாம். கையில் இருக்கும் எட்டையும் பார்த்தால் கூடுதல் சீட்டால் அவருக்கு என்ன லாபம் என்று ஓரளவு தெரியும். முந்தைய சுற்றுகளில் இதே எச்சரிக்கை வாங்கியிருக்கிறாரா என்றும் நடுவர் பார்ப்பார். இத்தனையும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், பக்கத்து மேசைகளுக்குத் தொந்தரவு இல்லாமல். போன நேரத்துக்கு ஈடாக அந்த மேசைக்குக் கூடுதல் நேரம் கொடுக்கப்படும்.

இப்படிப்பட்ட விசாரணைகளில் பெரும்பாலும் வெளிப்படுவது வெறும் கவனக்குறைவு. ஆனால் பதற்றத்தில் ஒருவர் நடுவரிடம் பொய் சொல்லிவிட்டால் கதை மாறிவிடும். எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டிய பிழை, அந்த ஒரு பொய்யால் தகுதிநீக்கத்தில் போய் முடியும். இளம் ஆட்டக்காரர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொய்யே கூடாது என்பதல்ல. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதில் எதிராளிக்குப் போக்குக் காட்டலாம். அது ஆட்டத்தின் சுவை. ஆனால் மேஜிக்கில் இருவரும் 20இல் தொடங்கும் உயிர்ப்புள்ளி இப்போது எவ்வளவு என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மறைத்து வைக்க உரிமை உள்ளதை மறைக்கலாம்; இருவருக்கும் பொதுவானதைத் திரிக்கக் கூடாது.

எண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நேரம் கடத்தும் குற்றம் நல்ல உதாரணம். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். மணி அடித்தபின் ஐந்து முறை மட்டும் மாறி மாறி ஆடலாம். யோசித்து யோசித்து ஆடுபவருக்கு 'மெதுவான ஆட்டம்' என்று எச்சரிக்கை கிடைக்கும். முன்னிலையில் இருப்பவர், எதிராளி எட்டிப்பிடிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே இழுத்தால் அது தகுதிநீக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவர் சற்றுத் தள்ளி நின்று, தோற்கும்போது அவர் வேகம் என்ன, வெல்லும்போது வேகம் என்ன, கடிகாரத்தை எத்தனை முறை பார்க்கிறார் என்று கவனித்துத்தான் முடிவுக்கு வர முடியும். 2010இல் ஃப்ளோரன்ஸ் கிராண்ட் ப்ரீயில் ஜப்பானின் தொமொஹாரு சைத்தோ இந்தக் குற்றத்துக்காக நீக்கப்பட்டார். அந்த ஆண்டு ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் தேர்வாகியிருந்தார். மாலை விழும் முன்பே அந்தப் பெருமை கைநழுவியது. கூடவே 18 மாதத் தடை. தண்டனைக் காலம் முடிந்து அவர் மீண்டும் ஆட வந்தார்.

போங்கு ஆட்டத்தின் பழைய வித்தைகள் எல்லாம் கலைப்பதைச் சுற்றித்தான். மேஜிக்கில் 'நிலம்' என்ற வகைச் சீட்டு இருக்கிறது. மற்றச் சீட்டுகளை ஆட அதுதான் மூலதனம். நிலம் குறைவாக வந்தால் கை கட்டிப்போடப்படும்; நிலமே வந்துகொண்டிருந்தால் ஆட ஒன்றும் இருக்காது. எனவே நிலத்தைச் சீராகப் பரவவைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. கட்டை ஒரு கணக்கான வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஐந்து குவியலாகப் போட்டு, சேர்த்து, மறுபடி ஐந்து குவியலாகப் போட்டால் பார்ப்பவருக்கு நன்றாகக் கலைத்த மாதிரி தெரியும். உண்மையில் நிலம் நூல் பிடித்த மாதிரி இடைவெளி விட்டு விழும். இதற்காகவே இப்போது குவியல் போடுவதை, சீட்டை எண்ணிப் பார்க்க ஆட்டத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அனுமதிக்கிறார்கள். பெரிய போட்டிகளில், கலைத்து முடித்த கட்டை எதிராளியிடம் கொடுக்க வேண்டும். அவரும் கலைத்தாக வேண்டும்.

அங்கும் ஓட்டை இருக்கிறது. எதிராளியின் கட்டைக் கலைக்கும் சாக்கில் அதன் அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்து, வேண்டியதை மேலே கொண்டுபோய் வைப்பவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் கேமராதான். போட்டிகள் நேரலையில் ஒளிபரப்பாகத் தொடங்கியபின், வீட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து விரல் போன போக்கை அம்பலமாக்கினார்கள். அதன் பேரில் நீண்ட தடைகளும் வந்தன. அதே கேமரா அப்பாவிகள்மீதும் சந்தேகத்தைத் திருப்பிவிடும் என்பதால், காட்சித் துண்டு ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைத் திருடன் என்று ஊர் தீர்ப்புச் சொல்வதை நடுவர்கள் விரும்புவதில்லை.

கட்டுச் சோதனை நடக்கும் விதம் தனி. சுற்று தொடங்கும் நேரம். இருவரும் கலைத்து முடித்துக் கட்டை எதிராளியிடம் நீட்டுகிறார்கள். அந்த நொடியில் நடுவர் குறுக்கே வந்து இரண்டு கட்டுகளையும் வாங்கிக்கொள்கிறார். நடுவர் மேசையில் ஒருவர், சீட்டுகளை முகம் திருப்பாமல் அடுக்கி, விளிம்பைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கிறார். வளைந்தது, மூலை மழுங்கியது, நிறம் மங்கியது எல்லாம் தனியே எடுக்கப்படும். பிறகுதான் திருப்புவார். எடுத்தவை கலவையான சீட்டுகள் என்றால் உறை தேய்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லி எச்சரித்துவிடலாம். எடுத்தவை எல்லாம் ஒரே சீட்டின் பிரதிகள் என்றால் கேள்விகள் ஆரம்பமாகும். அந்த மேசைக்குச் சோதனைக்கான நேரமும் மேலே மூன்று நிமிடமும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்வதும் உண்டு. நேரம் முடிந்துவிட்டது, சமனில் முடிந்தால் இருவருக்கும் பயனில்லை. "பகடை போட்டு யார் வென்றார் என்று முடிவு செய்துகொள்வோமா?" என்று ஒருவர் கேட்கிறார். இருவருக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆட்டத்துக்கு வெளியே ஒரு வழியில் வெற்றியை முடிவு செய்வது நடத்தைக் கேடு, சுற்றே பறிபோகும். "நீ விட்டுக்கொடு, பரிசில் பாதி தருகிறேன்" என்பதும் அப்படியே. விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு; அதற்கு விலை பேசத்தான் கூடாது. மற்ற மேசைகளில் உழைத்து ஆடுபவர்களின் இடத்தை அந்தப் பேரம் தின்றுவிடும் என்பதுதான் காரணம்.

விதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2014 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த 'புரோ டூர்' என்ற பெரிய மேஜிக் போட்டியில் பாட்ரிக் சாப்பின் என்ற ஆட்டக்காரர் தன் கட்டிலிருந்து எடுத்த ஒரு சீட்டை, எதிராளிக்குக் காட்ட வேண்டியதைக் காட்டாமல் கைச்சீட்டுகளோடு சேர்த்துவிட்டார். ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைய விதிப்படி அந்த ஆட்டம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதையும் தாண்டி அந்தப் புரோ டூரையே அவர் வென்றார். அந்தத் தண்டனை நடுவர்களிடையேயும் ஆட்டக்காரர்களிடையேயும் பெரிய விவாதமானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விதி மாறியது. இப்போது இதே பிழைக்கு எச்சரிக்கைதான். ஆனால் பிழை செய்தவர் தன் கைச்சீட்டைக் காட்ட வேண்டும், அதிகப்படியாக வந்த சீட்டு எது என்பதை எதிராளி தேர்ந்தெடுத்துத் திருப்பி அனுப்பலாம். தவறு செய்தவருக்கு லாபமில்லை, ஆட்டமும் சாகவில்லை. விதி எழுதுபவர்கள் காதைத் திறந்து வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லாக் குற்றமும் சீட்டோடு தொடர்புடையது அல்ல. முன்னே சொன்ன ரிச்மண்ட் போட்டியில் ஒருவர், குனிந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்களின் இடுப்புக்குக் கீழே ஆடை விலகியிருந்ததைப் பின்னணியாக வைத்து வரிசையாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். லட்சக்கணக்கானோர் சிரித்தார்கள். அவருக்கு 18 மாதத் தடை விதிக்கப்பட்டது. நகைச்சுவை உணர்வே இல்லையா என்று பலர் கேட்டார்கள். ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்கள் ஆட வந்தவர்கள். கேலிக்கு ஆளாகச் சம்மதித்தவர்கள் அல்லர். அந்தத் தடை சரியான முடிவு.

2024 ஆகஸ்டில் ஹொனலூலுவில் நடந்த போக்கிமான் உலகச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில், ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆட்டக்காரர் ஆபாசமான சைகை காட்டினார். அதற்கான தண்டனையால் அவர் போட்டியை இழந்தார். எதிரே ஆடிய சிலி நாட்டு இளைஞர் ஃபெர்னாண்டோ சிஃபுவெண்டஸ் இறுதிக்குப் போய்ப் பட்டத்தையும் வென்றார். போக்கிமானில் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. குழந்தைகள் பார்க்கும் மேடை என்பதால் அங்கே நடத்தைக்கு எடை அதிகம். யு-கி-ஓ நடத்தும் கொனாமி நிறுவனம் 2019இல், உடலும் உடையும் சுத்தமாக இல்லாமல் வந்து பக்கத்தில் இருப்பவர்களைச் சிரமப்படுத்தினால் தண்டிக்கலாம் என்று விதியிலேயே சேர்த்தது. நெருக்கியடித்து நாள் முழுக்க உட்காரும் அரங்குகளைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை புரியும்.

தெருமுனைக் கடையில் வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் ஆட்டத்துக்கு இந்தக் கெடுபிடி எல்லாம் கிடையாது. அங்கே நடுவரின் முதல் வேலை சொல்லிக்கொடுப்பது. பிழையைத் திருத்தி, ஏன் பிழை என்று விளக்கி, ஆட்டத்தைத் தொடரவிடுவார். அடிக்கப் பாய்வது, திருடுவது, தெரிந்தே ஏமாற்றுவது போன்றவற்றுக்கு மட்டும் அங்கேயும் மன்னிப்பில்லை.

இந்த அமைப்பில் மனதை உறுத்தும் பகுதியும் உண்டு. தகுதிநீக்கம் செய்ய முதன்மை நடுவருக்கு மறுக்க முடியாத சான்று தேவையில்லை. போட்டியின் நேர்மை கெட்டிருக்கலாம் என்று நம்பப் போதுமான தகவல் இருந்தாலே போதும் என்கிறது விதி. அரை மணி நேரத்தில் அடுத்த சுற்று தொடங்க வேண்டிய இடத்தில் நீதிமன்றம் நடத்த முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: அன்றைய போட்டியை நடுவர் காப்பாற்றுகிறார், தடை விதிப்பதா, எத்தனை மாதம் என்பதைப் பிறகு நிறுவனத்தின் விசாரணைக் குழு, எழுத்துமூல வாக்குமூலங்களைப் படித்து முடிவு செய்கிறது. ஆனால் அந்த முடிவின் காரணங்கள் முழுமையாக வெளியே வருவது அரிது. ஒருவரின் பெயரும் பிழைப்பும் போகிற விஷயத்தில் காரணத்தை விரிவாகச் சொல்வது நிறுவனத்தின் கடமை. அது தண்டிக்கப்பட்டவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் பாடம்.

நடுவர்களும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். வார நாளில் வேறு வேலை பார்த்து, வார இறுதியில் கால் கடுக்க அரங்கைச் சுற்றும் ஆட்டக்காரர்கள்தான் பெரும்பாலோர். மேஜிக் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கும் பொறுப்பு 2019இல் 'ஜட்ஜ் அகாடமி' என்ற தனி அமைப்புக்குப் போனது. அதுவும் 2024இல் மூடப்பட்டது. இப்போது அந்த வேலையை வட்டார அமைப்புகள் சுமக்கின்றன. ஒரு நடுவரை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும். இந்த விளையாட்டுகளில் கோடிகளைப் பார்க்கும் நிறுவனங்கள் அதற்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது.

முதன்முறை போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில. ஏதாவது பிசகு என்று தோன்றினால் சீட்டை அசைக்காமல் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடலாம். அது எதிராளியை அவமதிப்பது ஆகாது. தவறு தன்னுடையது என்றாலும் உடனே சொல்லிவிடுவது நல்லது. நடுவரின் தீர்ப்பில் உடன்பாடு இல்லையென்றால், முதன்மை நடுவரிடம் மேல்முறையீடு செய்ய ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. ஓரமாக நிற்கும் பெற்றோர் ஆட்டத்தின் நடுவே யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் நடுவர் அவர்களை அங்கிருந்து விலகச் சொல்லலாம். தகுதிநீக்கம் என்றே ஆகிவிட்டாலும், நடந்ததைத் தன் தரப்பில் எழுதிக் கொடுக்கத் தாளும் பேனாவும் தருவார்கள். கோபத்தில் இரண்டு வரி கிறுக்கிவிட்டு எழுந்து போகாமல், நிதானமாக, நடந்த வரிசைப்படி எழுத வேண்டும். விசாரணைக் குழு பிறகு படிக்கப்போகும் காகிதங்களில் அதுவும் ஒன்று.